ஒரு கண்ணில்தான் பிரஷர், மற்ற கண்ணின் நரம்பு ஏன் மெலிகிறது?

காவிரிக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. மூன்று வருடம் முன்பு கண்ணாடி மாற்றப் போன இடத்தில் வலது கண்ணில் பிரஷர் 28 என்று சொல்லி, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் க்ளாகோமா, அதாவது பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிற நோய், என்று உறுதி செய்தார்கள். ராத்திரி ஒரு சொட்டு, காலையும் மாலையும் இன்னொரு சொட்டு. இப்போது வலது கண் 14, 15 என்றுதான் நிற்கிறது. ஆனாலும் போன மாதம் எடுத்த ஃபீல்டு டெஸ்டில் (பார்வைப் பரப்பை அளக்கிற சோதனை) மூக்குப் பக்கம் இருந்த கருப்பு கொஞ்சம் பரவியிருக்கிறது.

அதைவிட என்னைக் குழப்பியது இடது கண். அதில் ஒரு நாளும் பிரஷர் 18-ஐத் தாண்டியதில்லை. ஆனால் கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கிற ஓசிடி ஸ்கேனில் அந்தப் பக்கமும் நரம்பு லேசாக மெலிந்திருக்கிறதாம். ஏன் டாக்டர் என்று கேட்டேன். "பிரஷர் மட்டும் காரணம் இல்லப்பா, நரம்புக்கு வேண்டிய சக்தியும் சரியாப் போகணும், அதுக்குத் துணை செல்கள் இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தேடினால் ஆஸ்ட்ரோசைட், லாக்டேட், கிளைக்கோஜன் என்று ஏதேதோ வருகிறது, பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. நான் பி.காம். இதற்கிடையில் மாமா ஒருவர் வைட்டமின் பி3 கொடு, எலிக்கு க்ளாகோமாவே வராமல் போயிருக்கிறது என்கிறார், தம்பி மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற கீட்டோ டயட் என்கிறான். அந்தத் துணை செல்களுக்கு உண்மையில் என்னதான் ஆகிறது, அதனால் இடது கண்ணும் பாதிக்கப்படுமா, இந்த மாத்திரையும் டயட்டும் எவ்வளவு தூரம் நிஜம் என்று தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஆப்டம்_அக்கா:

தம்பி, ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும். க்ளாகோமா பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் வருகிற நோய், ஒரு கண்ணில் முந்தி வரும், இன்னொன்றில் பிந்தி வரும், அவ்வளவுதான். 18 என்பது எல்லோருக்கும் பத்திரமான எண் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 10 முதல் 21 வரை இயல்பு என்பது ஊருக்கெல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு, உங்கள் அம்மாவின் நரம்பு எதைத் தாங்கும் என்பது வேறு. ஜப்பானில் க்ளாகோமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பிரஷர் இயல்பான அளவில்தான் இருக்கிறது. கருவிழியின் தடிமன் அளந்தார்களா என்று கேளுங்கள். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி காட்டும் 18, நிஜத்தில் அதற்கு மேல் இருக்கலாம்.

நரம்பு_நண்டு:

ஆய்வகத்தில் எலிக் கண்ணோடு எட்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து விஷயத்தில் என் பேச்சைக் கேட்கவேண்டாம், ஆனால் செல்லுக்குள் நடப்பதைச் சொல்லலாம். கொஞ்சம் நீளும்.

பார்வை நரம்பு என்பது ஒரு கம்பி இல்லை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளின் கட்டு. விழித்திரையில் இருக்கும் கேங்லியான் செல் ஒவ்வொன்றும் ஓர் இழையை விட்டு அதை மூளை வரைக்கும் நீட்டி வைத்திருக்கிறது. செல்லின் உடம்பு கண்ணுக்குள், வால் மூளைக்குள். இவ்வளவு நீள வாலில் சேதி ஒவ்வொரு முறை ஓடும்போதும் சோடியம் உள்ளே புகுந்துவிடும், அதைத் திரும்ப வெளியே இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும், இறைப்பதற்கு ஏடிபி வேண்டும், ஏடிபி என்பது செல்லின் கைச்செலவுப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பில் நீளமான நரம்பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு. உறை இருந்தால் சேதி தாவித் தாவிப் போகும், இறைக்கும் வேலை குறைவு. ஆனால் விழித்திரையில் அந்த உறை இருந்தால் ஒளியை மறைத்துவிடும், அதனால் கண்ணுக்குள் இழைகள் வெறுமனே ஓடுகின்றன. கண்ணின் பின்சுவரில் ஒரு சல்லடைத் தட்டு இருக்கிறது, அதன் துளைகள் வழியாகத்தான் எல்லா இழைகளும் வெளியேறுகின்றன, அதைத் தாண்டிய பிறகுதான் உறை ஆரம்பம். ஆக, அதிகச் செலவு பிடிக்கிற உறையில்லாத பகுதியும், கண் அழுத்தம் வந்து அமுக்குகிற பகுதியும் ஒரே இடத்தில் வந்து விழுந்திருக்கின்றன. அந்த இடத்தில் இழைகளுக்குள், ஏடிபி செய்கிற குட்டி உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா கொத்துக் கொத்தாக இருப்பதைப் பார்த்தாலே அங்கே எவ்வளவு செலவு என்று தெரியும்.

அங்கேதான் ஆஸ்ட்ரோசைட் வருகிறது. நட்சத்திரம் மாதிரி கை விரித்த செல். ஒரு கை ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும், இன்னொரு கை நரம்பிழையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ரத்தத்திலிருந்து குளுக்கோஸை வாங்கி, ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாகக் குதிரில் நெல் சேர்க்கிற மாதிரி சேர்த்து வைக்கும், மறு பகுதியை உடைத்து லாக்டேட்டாக்கி இழைக்குக் கொடுக்கும். இழை அதை மைட்டோகாண்ட்ரியாவில் போட்டு ஏடிபி எடுத்துக்கொள்ளும். ஆஸ்ட்ரோசைட் நரம்புக்கு லாக்டேட் ஊட்டுகிறது என்ற கருத்தை 1994-இல் பெலரினும் மகிஸ்ட்ரெட்டியும் முன்வைத்தார்கள், முப்பது வருடமாகியும் அது எவ்வளவு, எப்போது என்று சண்டை ஓயவில்லை. ஆனால் பார்வை நரம்பைப் பொறுத்தவரை ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். எலியின் பார்வை நரம்பைத் தனியாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, குளுக்கோஸ் சுத்தமாக இல்லாத திரவத்தை ஓட்டுவார்கள். உடனே அணைந்துவிடும் என்றுதானே நினைப்போம்? இல்லை, சுமார் 20 நிமிடம் வரை சேதி ஓடிக்கொண்டே இருக்கும். ஆஸ்ட்ரோசைட்டில் இருக்கும் கிளைக்கோஜனைக் கூட்டினால் இந்த நேரம் நீளும், குறைத்தால் சுருங்கும். நரம்பிழைக்கென்று சொல்லிக்கொள்ளும்படி குதிர் கிடையாது, பக்கத்து வீட்டுக் குதிரை நம்பித்தான் பிழைப்பு.

இப்போது க்ளாகோமா. அழுத்தம் கூடும்போது சல்லடைத் தட்டு இழுபடுகிறது, பின்னால் வளைகிறது. அங்கே இருக்கும் ஆஸ்ட்ரோசைட் அந்த இழுப்பை உணர்ந்துகொள்ளும். கைகளைச் சுருக்கிக்கொள்ளும், உடம்பு தடிக்கும், உள்ளே எலும்புக்கூடு போன்ற புரதங்களைக் குவிக்கும். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தல் சாயாமல் காலைப் பிடிக்கப் போனது மாதிரி. தப்பில்லை, அதுவும் அவசர வேலைதான், ஆனால் இலையில் உட்கார்ந்தவன் என்ன செய்வான்? லாக்டேட்டைச் செல்லுக்கு வெளியே விடவும் உள்ளே வாங்கவும் எம்சிடி என்ற வாசல் புரதங்கள் இருக்கின்றன, க்ளாகோமா எலிகளின் பார்வை நரம்பில் அவை குறைந்துபோகின்றன. வயதும் அழுத்தமும் ஏற ஏற நரம்பில் இருக்கும் ஏடிபி அளவும் குறைகிறது. பண்டம் குறைவு, பரிமாற ஆளும் குறைவு.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. எலியில் அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் மட்டும் ஏற்றி இறக்கிவிட்டால், சுருங்கிய ஆஸ்ட்ரோசைட்டுகள் சில வாரங்களில் பழைய வடிவத்துக்கே திரும்புகின்றன. இந்த மாற்றம் ஆரம்பத்திலேயே ஒருவழிப் பாதை இல்லை. சொட்டு மருந்து ஏன் முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல படம் கிடையாது.

இடது கண் பற்றிய கேள்விக்கு அடுத்த பதிவில் வருகிறேன், சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

சொட்டுமருந்து_சுந்தரி:

நண்டு தம்பி, பதினோரு வருடமாகச் சொட்டு விடுகிறேன், இதுவரை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. பந்தல் காலைப் பிடிக்கப் போனார் என்றீர்களே, அதோடு எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைச் சொல்லுங்கள்.

நரம்பு_நண்டு:

வந்துவிட்டேன். காவிரிக்கரையான் கேட்டதற்கு நேராகப் பொருந்துகிற ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் கால்கின்ஸ் குழு 2020-இல் வெளியிட்டது. எலியின் ஒரு கண்ணில் மட்டும் நுண்மணிகளைச் செலுத்தி நீர் வெளியேறும் வழியை அடைத்து அழுத்தத்தை ஏற்றினார்கள். மறு கண்ணைத் தொடவே இல்லை, அங்கே அழுத்தம் இயல்பு. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், தொடாத கண்ணின் நரம்பில் ஆஸ்ட்ரோசைட் சேர்த்து வைத்திருந்த கிளைக்கோஜன் குறைந்திருந்தது. எங்கே போனது? கஷ்டத்தில் இருக்கிற பக்கத்து நரம்புக்குப் போயிருக்கிறது.

எப்படிப் போகும் என்றால், ஆஸ்ட்ரோசைட்டுகள் தனித்தனித் தீவுகள் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன குட்டி வாசல்கள் உண்டு, சின்ன மூலக்கூறுகள் அதன் வழியாக வீட்டுக்கு வீடு கைமாறும். இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் குறுக்காகச் சந்திக்கின்றன, அந்தச் சந்திப்பின் வழியாக இந்த வரிசை இரண்டு பக்கத்தையும் இணைக்கிறது. ஆஸ்ட்ரோசைட்டில் கனெக்சின் 43 இல்லாதபடி செய்த எலிகளில் இந்தக் கைமாற்று நடக்கவில்லை. அங்கேதான் அந்த ஆய்வு எனக்கு வெறும் தற்செயல் இல்லை என்று பட்டது.

நம் ஊரில் கைமாற்று என்றால் வட்டி இல்லாமல் கொடுப்பது. ஆனால் இங்கே கொடுத்தவருக்கும் செலவு இருக்கிறது. கடன் கொடுத்த நரம்பு சும்மா இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கென்று ஒரு நெருக்கடி வந்தால் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது, குதிர் காலி. மனிதனில் ஒரு கண்ணில் க்ளாகோமா இருந்தால் மறு கண்ணுக்கும் ஆபத்து அதிகம் என்று டாக்டர்களுக்குப் பல காலமாகத் தெரியும். அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கேள்வி_கந்தன்:

நண்டு அண்ணா, எழுத்து பிரமாதம், ஆனால் இங்கே ஒரு பிரேக் போடவேண்டும். எலிக்கு அழுத்தத்தை ஒரு கண்ணில் நாம் ஏற்றுகிறோம். இவருடைய அம்மாவுக்கு அப்படி இல்லை, அவருக்கு நோய்க்கான உடல்வாகு இரண்டு கண்ணுக்கும் பொது, மரபணு பொது, வயது பொது, ரத்த ஓட்டம் பொது. அக்கா மேலே சொன்ன மாதிரி இடது கண்ணுக்கும் நோய் மெதுவாக வருகிறது என்பதே போதுமான விளக்கம். வலது கண் இடது கண்ணிலிருந்து திருடுகிறது என்று இவர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டால் அவர்கள் வலது கண்ணைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்று, எலியின் பார்வை நரம்பு முகப்பில் நமக்கு இருக்கிற மாதிரி கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் ஆன சல்லடையே கிடையாது, ஆஸ்ட்ரோசைட்டுகளே கைகோத்து ஒரு தட்டு மாதிரி நிற்கின்றன. அதனால் எலியில் ஆஸ்ட்ரோசைட்டின் பங்கு தூக்கலாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. மனிதனில் எவ்வளவு என்பது வேறு கணக்கு.

சக்தி என்று பேசினால் முதலில் கேட்கவேண்டியது ரத்தம். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை உண்டா? அதை ராத்திரி படுக்கும்போது போடுகிறார்களா? தூக்கத்தில் பி.பி. எப்படியும் இறங்கும், அதற்கு மேல் மாத்திரையும் சேர்ந்து இறக்கினால் நரம்பு முகப்புக்குப் போகும் ரத்தம் குறையலாம். ஆஸ்ட்ரோசைட் என்னதான் கை நீட்டினாலும் குழாயில் தண்ணீர் வரவேண்டும் இல்லையா. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருமா என்பதையும் பாருங்கள். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள், இரண்டு டாக்டரிடமும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

நரம்பு_நண்டு:

கந்தன் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். திருட்டு என்று நான் சொல்லவில்லை, கைமாற்று என்றுதான் சொன்னேன், ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன், இந்த அம்மாவின் இடது கண்ணுக்கு அது தேவையில்லாத விளக்கமாகவே இருக்கலாம்.

ஆனால் எலிக்குத் தட்டு இல்லை என்ற வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். அந்தக் கொலாஜன் தட்டு இல்லாமலே எலிக்கு க்ளாகோமா வருகிறதே, நரம்பு முகப்பிலேயே சேதம் ஆரம்பிக்கிறதே. வெறும் தட்டு நசுக்கித்தான் இழை சாகிறது என்றால் அது நடக்கக்கூடாது. ஆஸ்ட்ரோசைட் மேல் சந்தேகம் வலுத்ததே அதனால்தான்.

இன்னொரு விநோதத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. நரம்பு முகப்பில் இருக்கிற இழைகள் தங்கள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவைப் பிதுக்கி வெளியே தள்ளுகின்றன, பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் அதை எடுத்து விழுங்கிச் செரித்துவிடுகிறது. 2014-இல் எலியில் காட்டினார்கள், நோய் இல்லாத எலியிலேயே இது தினப்படி வேலை. அதற்கு முன்பு வரை ஒரு செல் தன் மைட்டோகாண்ட்ரியாவைத் தானேதான் செரிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சோறு போடுவதும் எச்சில் இலை எடுப்பதும் ஒரே ஆள். அந்த ஆள் படுத்துவிட்டால் இரண்டு வேலையும் நிற்கும்.

நான் ஆஸ்ட்ரோசைட்டையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன், மன்னிக்கவும், என் வேலை அது. உறை உள்ள பகுதியில் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்லும் லாக்டேட் கொடுக்கிறது, 2012-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைக் காட்டின. மைக்ரோக்ளியா என்ற காவல்காரச் செல்கள் வீக்கச் சேதிகளை அனுப்பி ஆஸ்ட்ரோசைட்டை முரட்டுத்தனமாக மாற்றிவிடுவதும் உண்டு. அது தனிக்கதை.

காவிரிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. கந்தன் அண்ணா, அம்மா வலது கண்ணைத் திட்டமாட்டார்கள், என்னைத்தான் திட்டுவார்கள். பி.பி. மாத்திரை ராத்திரிதான் போடுகிறார்கள், கேட்கிறேன். கருவிழித் தடிமன் ரிப்போர்ட்டில் இருக்கிறது, 495 மைக்ரான் என்று போட்டிருக்கிறது.

பி3 பற்றிச் சொல்லுங்களேன். மாமா ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கி அனுப்பிவிட்டார். சர்க்கரை மாத்திரையும் அம்மாவுக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆப்டம்_அக்கா:

495 என்றால் மெல்லியதுதான் தம்பி, சராசரி 540 சுற்றி இருக்கும். அந்த 18-ஐ அப்படியே நம்பாதீர்கள். அடுத்த முறை இடது கண்ணுக்கும் இலக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்படவேண்டாம்.

நரம்பு_நண்டு:

பி3 கதை இது. 2017-இல் பீட் வில்லியம்ஸ், சைமன் ஜான் குழுவினர் டிபிஏ/2ஜே என்ற எலி வகையில் செய்தார்கள். இந்த வகை எலிக்கு வயதானால் தானாகவே கண் அழுத்தம் ஏறும். வயதாக ஆக விழித்திரையில் என்ஏடி என்ற மூலக்கூறு குறைகிறது என்று முதலில் கண்டார்கள். குளுக்கோஸை உடைப்பதற்கும் சரி, மைட்டோகாண்ட்ரியா ஓடுவதற்கும் சரி, என்ஏடி இல்லாமல் ஒன்றும் நடக்காது. உடம்பு என்ஏடி செய்துகொள்ளும் மூலப்பொருள்களில் ஒன்று நிகோட்டினமைடு, அதாவது பி3-இன் ஒரு வடிவம். அதைத் தண்ணீரிலும் தீனியிலும் கலந்து கொடுத்தார்கள், மிக அதிக அளவு கொடுத்த எலிகளில் 93 சதவீதக் கண்கள் க்ளாகோமா சேதம் இல்லாமல் தப்பின. மாமா சொன்னது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

மனிதர்களில் 2020-இல் மெல்பர்ன் குழு 57 பேரைச் சேர்த்து ஒரு சோதனை செய்தது. ஏற்கெனவே சொட்டு போட்டுக்கொண்டிருப்பவர்கள்தான். ஆறு வாரம் தினம் 1.5 கிராம், அடுத்த ஆறு வாரம் 3 கிராம். விழித்திரை உள்ளடுக்கின் மின்துடிப்பு சிலருக்குக் கூடியது. 2022-இல் அமெரிக்காவில் நிகோட்டினமைடையும், குளுக்கோஸ் உடையும்போது வருகிற பைருவேட்டையும் சேர்த்துக் கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், சோதனையை முடித்தவர்கள் இரண்டு பிரிவும் சேர்த்து 32 பேர், மருந்து எடுத்தவர்களுக்கு ஃபீல்டு டெஸ்டில் சில புள்ளிகள் மேம்பட்டன. இரண்டுமே சில மாதச் சோதனைகள். வருடக்கணக்கில் பார்வை போவதை இது நிறுத்துமா என்று தெரிந்துகொள்ளப் பெரிய சோதனைகள் ஸ்வீடன், பிரிட்டன் போன்ற இடங்களில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

இதில் துணை செல்களுக்கு என்ன பங்கு என்றால், மாத்திரை முக்கியமாகக் கேங்லியான் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைத் தாங்கிப்பிடிக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பரிமாறுகிறவரைத் திரும்பக் கூட்டிவருவது இல்லை, சாப்பிடுகிறவன் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கச் செய்வது.

மருந்துக்கடை_ராசு:

கடையில் இருபது வருடம் நிற்கிறவன் சொல்கிறேன், அந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பி3 என்ற பெயரில் இரண்டு சரக்கு வரும். நிகோட்டினமைடு, அதையே நியாசினமைடு என்றும் எழுதுவார்கள். இன்னொன்று நியாசின், அதாவது நிகோட்டினிக் அமிலம். இரண்டாவதை அதிகம் சாப்பிட்டால் முகமெல்லாம் சிவந்து எரியும், போதாக்குறைக்குச் சர்க்கரையையும் ஏற்றிவிடும். என்னிடம் ஒருவர் அதை வாங்கிப்போய் மூஞ்சி நெருப்பாக எரிகிறது என்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தட்டினார்.

அளவும் பாருங்கள். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 14, 16 மில்லிகிராம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் 50 அல்லது 100 இருக்கும். சோதனையில் கொடுத்தது 3000. அது வைட்டமின் இல்லைங்க, மருந்து. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், கல்லீரலைப் பாதிக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் கொடுக்கவேண்டும். பி-காம்ப்ளெக்ஸ் ஒன்று போட்டால் அந்தப் பலன் வராது, முப்பது போட்டால் மற்ற வைட்டமின்கள் தலைக்கு மேலே போகும். கண் டாக்டர் சொன்னால் தவிர மாமாவுக்கு நன்றி சொல்லி டப்பாவை அலமாரியில் வையுங்கள்.

கேள்வி_கந்தன்:

கீட்டோவை நான் முடித்துவிடுகிறேன். அதே டிபிஏ/2ஜே எலிகளுக்கு டெனிஸ் இன்மன் குழு எட்டு வாரம் கீட்டோ தீனி கொடுத்தது, 2018. குறைந்துபோயிருந்த அந்த எம்சிடி வாசல்கள் திரும்பக் கூடின, கேங்லியான் செல்களும் இழைகளும் அதிகம் பிழைத்தன. அந்தத் தீனியில் உடம்பு கொழுப்பிலிருந்து செய்துகொள்கிற கீட்டோனும் லாக்டேட் போகிற அதே வாசல் வழியாகத்தான் போகும், அதனால் அர்த்தம் உள்ள சோதனைதான். ஆனால் எலி.

அம்மாவுக்குச் சர்க்கரை என்றீர்கள். மாத்திரைச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கீட்டோ பக்கமே போகக்கூடாது. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகி ஐசியூவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். தம்பியிடம் இதைக் காட்டுங்கள்.

அப்புறம், ஆஸ்ட்ரோசைட்டுக்கு மருந்து வரும் வரை கையில் இருப்பது பிரஷரை இறக்குவது ஒன்றுதான். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஸ்வீடனில் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில் ஒவ்வொரு புள்ளி இறக்கத்துக்கும் நோய் முற்றும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைந்தது. பிரஷர் இயல்பாகவே இருந்து நரம்பு போனவர்களிடம் 1998-இல் வந்த முடிவு, 30 சதவீதம் இறக்கியதில் 12 சதவீதம் பேருக்குத்தான் முற்றியது, இறக்காமல் விட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு. இடது கண்ணுக்கும் சொட்டு ஆரம்பிக்கச் சொன்னால் '18 தானே' என்று வாதாடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

சொட்டுமருந்து_சுந்தரி:

படிப்பாளிகள் எல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள், நான் கைவேலையைச் சொல்கிறேன். தம்பி, அம்மா சொட்டு விடும்போது ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். நான் நான்கு வருடம் கன்னத்துக்குத்தான் சொட்டு விட்டிருக்கிறேன், யாரும் பார்க்கவில்லை, பிரஷர் இறங்கவில்லை என்று மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும், இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று மட்டும் ஒழுங்காக விட்டால் அங்கே 14 காட்டும், வீட்டில் என்ன என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். உங்கள் அம்மா அப்படி என்று சொல்லவில்லை, நான் அப்படி இருந்தேன்.

யோகா செய்வார்களா? சிரசாசனம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று நம் சங்கர நேத்ராலயாவிலேயே அளந்து 2006-இல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் தினம் பத்து நிமிடம் நின்றேன், கண்ணுக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார் என்பதற்காக.

காவிரிக்கரையான்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், கேட்டவன் காணாமல் போய்விட்டான் என்று நினைத்திருப்பீர்கள்.

சுந்தரி அம்மா சொன்னபடி நின்று பார்த்தேன். காலைச் சொட்டு சரியாகத்தான் விடுகிறார்கள். மாலைச் சொட்டையும் ராத்திரிச் சொட்டோடு சேர்த்து, சீரியல் பார்த்துக்கொண்டே, இரண்டு மருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணைக் கூட மூடவில்லை. கேட்டால், "உள்ள போனா சரிதான்" என்கிறார்கள். இப்போது நான் விடுகிறேன், விளம்பரம் வரும்போது ஒரு மருந்து, அடுத்த விளம்பரத்துக்கு இன்னொன்று.

டாக்டர் இடது கண்ணுக்கும் ராத்திரிச் சொட்டு எழுதிக்கொடுத்தார், இலக்கு 13 என்றார். பி.பி. மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு, மாற்றலாம், ஆனால் உங்கள் பி.பி. டாக்டர் ஓகே சொல்லட்டும் என்றார், வியாழக்கிழமை போகிறோம். சர்க்கரைச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் இருக்கிறது. தம்பி கீட்டோ பேச்சை விட்டுவிட்டான். பி3 டப்பாவைக் கண் டாக்டர் பார்த்தார், இப்போது வேண்டாம், சோதனை முடிவுகள் வரட்டும் என்றார். டப்பாவில் இருந்தது நியாசின். ராசு அண்ணனுக்கு ஒரு டீ கடன்.

நண்டு அண்ணா, ஆஸ்ட்ரோசைட் என்று நான் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்து, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அதற்குள் அடுத்த டோக்கன் வந்துவிட்டது.